பதினேழாம் கட்டம்

என் வேலை காத்திருப்பது.
விசிட்டிங் கார்டில் வேறு மாதிரி அச்சடித்திருக்கிறார்கள்:
பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர், வெளிநாட்டுச் செய்திப் பிரிவு.
தில்லி, ஐ.டி.ஓ. பக்கம் நான்காம் மாடி.
இரண்டு கம்பியில் ஒன்று மட்டும் சிவக்கிற ஹீட்டர்.
நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை அடிக்கவேண்டிய போன்.

ஞானசீலி கிளம்புமுன் படிவம் நிரப்பினாள்.
ரத்த வகை, ஒவ்வாமை, பல் எக்ஸ்ரே.
பல் எதற்கென்று அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பதினேழாம் கட்டம்:
பிடித்து வைத்திருப்பவர்களிடம்
உயிரோடிருப்பது நீதானா என்று நாங்கள் கேட்பதற்கு
உனக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வி.
பேனாவைக் கடித்தாள். எழுதினாள்:
ஆறு வயதில் நான் விழுங்கிய காசு எவ்வளவு?
விடை: இருபது பைசா, அலுமினியம்.
கீழே பொடி எழுத்தில்: மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது.

உறையை ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அதில் பதினொரு உறைகள்.
இதுவரை இரண்டைத் திறந்திருக்கிறேன்.
ஒன்றுக்குச் சரியான விடை வந்தது.

கவசம் மூன்று வாரம் விமான நிலையத்தில் கிடந்தது.
போர்த்தளவாடம் என்றார் கஸ்டம்ஸ் அதிகாரி.
போர் செய்ய அல்ல, போரில் எழுத என்றேன்.
அதற்கு என்ன ஃபாரம் என்று கேட்டார்.
மார்பிலும் முதுகிலும் வெள்ளை எழுத்தில்
பத்திரிகை என்று போட்டிருக்கும்.
அதை முன்பெல்லாம் "சுடாதே" என்று படித்தார்கள்.
இப்போது "இங்கே" என்று படிக்கிறார்கள்.
போன இரண்டாம் நாளே
கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டாள்.

டிசம்பர். கல்யாண சீசன்.
போனை வீட்டுக்கு எடுத்துப்போன ராத்திரி
பட்பட்கஞ்சில் எங்கள் சந்து முழுக்கப் பேண்டு வாத்தியம்,
குதிரைமேல் ஒரு மாப்பிள்ளை, பத்தாயிரம் வாலா.
அழைத்தவள் பேச்சை நிறுத்தினாள்.
"அங்கே என்ன சத்தம்?
சார், ஜன்னலைவிட்டுத் தள்ளி வாங்க. இப்பவே."
வந்தேன்.
சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.
அவள் மூச்சு சீராகும்வரை
அது பட்டாசு என்று சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம்தான் கேட்டேன், வண்டி ஓட்டுகிறவர் பெயரை.
இத்ரீஸ்.
மொழிபெயர்ப்பதும் அவர்தான்,
எந்தச் சோதனைச்சாவடியில் சிரிக்கவேண்டும்,
எதில் கூடாது என்று தெரிந்தவரும் அவர்தான்.
கவசம்? இல்லை.
காப்பீடு? நாள்கூலிக்கு ஏது.
செய்தியில் பெயர்? வேண்டாம் என்கிறார், ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
படிவம்?

வெள்ளைத் தாளில் நானே கட்டம் போட்டேன்.
பதினேழாம் கட்டத்துக்கு ஞானசீலி வழியாக அவரைக் கேட்டேன்.
போனில் அவர் சிரிப்பது கேட்டது.
என் வண்டியில் எந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது?
விடை: பின்னால், இடப்பக்கம்.

"ஞானசீலி, நீ எந்தப் பக்கம் உட்காருவாய்?"

பதில் வரவில்லை.
லைன் போய்விட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

கதவு ரிப்பேருக்குப் பணம் கேட்டு மெயில் போட்டேன்.
கணக்குப் பிரிவில் சவிதா ஹெப்பார் நல்ல மனுஷி,
ஆனால் கதவு என்றொரு தலைப்பு அவரிடம் இல்லை.
இறுதிச் சடங்கு என்று ஒன்று இருக்கிறது.
"இதர செலவில் போடட்டுமா?" என்றார் நான்காம் நாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று நான்கு மணி அழைப்பு
நான்கு இருபதுக்கும் வரவில்லை.
வெளியே பனிமூட்டம், பாலத்தைக் காணோம்,
ஹார்ன் மட்டும் ஊர்கிறது.
அலமாரிச் சாவி கையில் சூடேறிக் கிடக்கிறது.
நான்கு முப்பத்தொன்று.
போன்.

"சார், கதவு சரியாயிடுச்சு.
மெக்கானிக் லேட் பண்ணிட்டான்.
இத்ரீஸுக்கு இப்ப வேற கேள்வி வேணுமாம்,
யோசிச்சிட்டிருக்கார்."

யோசிக்கட்டும் என்றேன்.
அடுத்தது எட்டு மணிக்கு.